ஓய்வூதியமும் ஓவியமும்

அறுபது வயது நிறைந்துவிட்டதென்று அலுவலகத்தார் மாலை சூட்டி அனுப்பிவைக்கின்றனர். அந்த மாலை வாடுவதற்குள், ஊரும் உறவும் நமக்கொரு பாதையை வகுத்துக் கொடுத்துவிடுகின்றன. காசிக்குப் போகலாமாம், இராமேசுவரத்தில் முழுகலாமாம், மாலையில் காலட்சேபம் கேட்கலாமாம், காலையில் நாமாவளி எழுதலாமாம், எஞ்சிய நேரத்தில் திண்ணையில் அமர்ந்து, போன காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விடலாமாம்! பிரமசரியம், கிரகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று வாழ்வை நான்கு துண்டாக வெட்டி வைத்தவர்கள், மூன்றாவது துண்டில் மனிதனைக் காட்டுக்கு அனுப்பினார்கள். இன்று காடு இல்லை. ஆகவே கோயில் மண்டபத்துக்கு அனுப்புகிறார்கள். இடம் மாறியிருக்கிறது, எண்ணம் மாறவில்லை. முதியவன் கற்க வேண்டியது எதுவுமில்லை, கழிக்க வேண்டியதுதான் உண்டு என்பதே அந்த எண்ணம்.

நாம் காசிக்குப் போகவில்லை. கடைத்தெருவுக்குப் போனோம். எச்.பி. பென்சில் ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று, அழிப்பான் ஒன்று, வரைதாள் ஒரு கட்டு. இவற்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓவியம் கற்பதென்று முடிவு செய்தோம்.

செய்தி பரவியது. நம்மோடு முப்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றிய நண்பர் ஒருவர் வந்தார். தாளைப் பார்த்தார், நம் முகத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"ஏனய்யா, இந்த வயதில் உமக்கு எதற்கு இந்த வேலை? ஓவியமெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும். விரலில் இருந்தால்தானே தாளில் வரும்?"

"எழுத்து உம்முடைய விரலில் பிறவியிலேயே இருந்ததா?" என்று கேட்டோம்.

"அது வேறு. அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்."

"இதையும் சொல்லிக் கொடுக்கலாம் என்கிறோம். அவ்வளவுதான்."

நண்பர் நல்லவர். அவர் தந்த காப்பியைக் குடித்து, அவருக்குக் கடன் கொடுத்து, அவரிடம் கடன் வாங்கிப் பழகியவர்கள் நாம். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல், 'பிறவியிலேயே' என்ற அந்த ஒரு சொல், அவருடையதல்ல, ஆயிரமாண்டுச் சரக்கு! அந்தச் சரக்கைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது பகுத்தறிவாளரின் கடமை என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

பிறவி என்ற பூட்டு

'கை வரவில்லை' என்கிறோம். 'கொடுத்து வைக்கவில்லை' என்கிறோம். 'கலைமகள் கடாட்சம் வேண்டும்' என்கிறோம். மூன்றும் ஒரே பூட்டின் மூன்று சாவித்துளைகள். கொடுப்பவன் எவனோ இருக்கிறான், அவன் சிலருக்குக் கொடுக்கிறான், பலருக்கு மறுக்கிறான், மறுக்கப்பட்டவன் வாய் மூடிக் கிடக்க வேண்டும் என்பதே இதன் பொருள். வேதம் ஓத ஒரு பிறவி, மண் வெட்ட ஒரு பிறவி என்று சொன்ன அதே வாய்தான், ஓவியத்துக்கும் ஒரு பிறவி என்கிறது.

தகப்பன் தொழிலை மகன் கற்க வேண்டும், அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில் என்று 1953ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயரைச் சூட்டினார் பெரியார். நாடு கொதித்தது, 1954இல் அத்திட்டம் குப்பைக் கூடைக்குப் போயிற்று. அத்திட்டத்திலும் வீடுதான் பள்ளி. நாம் இன்று செய்வதிலும் வீடுதான் பள்ளி. ஆனால் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் காணுங்கள்! அங்கே, பிறந்த வீடு பிள்ளையின் கையில் கருவியைத் திணித்தது. இங்கே, வாழ்ந்து முடித்த மனிதன், தான் விரும்பிய கருவியைத் தன் வீட்டுக்குள் கொண்டுவருகிறான். அது விதி, இது விருப்பம். அது தளை, இது விடுதலை.

பானை கற்பித்த பாடம்

பிறவி அல்ல, பயிற்சிதான் என்று மேடையில் முழங்குவது எளிது. தாளில் மெய்ப்பிக்க வேண்டாமா? மேசை மீது ஒரு மண்பானையை வைத்தோம். வரையத் தொடங்கினோம்.

பானையின் வாய் வட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு அது வட்டமாகத் தெரிவதில்லை, நீள்வட்டமாகத் தெரிகிறது. கண் மட்டத்துக்கு அருகே வர வர அந்த நீள்வட்டம் ஒடுங்குகிறது. கண் மட்டத்துக்கு நேராக வந்துவிட்டால் ஒரு கோடாகிவிடுகிறது. கீழே போகப் போக அகலுகிறது. புதிதாக வரையும் எவரும் பானையின் வாயை அகன்ற வட்டமாகவும், அடியை நேர்கோடாகவும் போடுவார்கள். ஏன்? கண் கண்டதை வரையவில்லை. மனம் முன்பே முடிவு கட்டியதை வரைகிறார்கள். வாய் வட்டம் என்று மனம் சொல்கிறது. தரையில் உட்காரும் அடி தட்டையானது என்று மனம் சொல்கிறது. கண்ணைக் கேட்கவே இல்லை!

முகமும் அவ்வாறே. மனிதத் தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில், ஏறத்தாழச் சரிபாதியில், கண்கள் இருக்கின்றன. அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். ஆனால் பழகாத கை, கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிடும். நாம் பேசும்போது பார்ப்பது கண்ணையும் வாயையும்தான். ஆகவே மனம் அவற்றைப் பெரிதாக்கி, மண்டையைச் சுருக்கிவிடுகிறது.

தோழர்களே, இது ஓவியப் பாடம் மட்டும்தானா? 'எதையும் அப்படியே நம்பாதே. பார், அளந்து பார், ஒப்பிட்டுப் பார்' என்று நம் இயக்கம் ஊர் ஊராகச் சென்று சொன்னது இதைத்தானே! அறுபது ஆண்டு கண்ணைத் திறந்து வைத்திருந்த மனிதனுக்கு, பார்ப்பது என்றால் என்னவென்று ஒரு பானை கற்றுக் கொடுக்கிறது. அந்தக் கல்விக்குக் கடாட்சம் தேவைப்படவில்லை. பென்சிலும் பொறுமையும் தேவைப்பட்டன.

ஓவியத்தின் வரலாறே அறிவின் வரலாறு. இருப்புப்பாதையின் இரண்டு தண்டவாளங்களும் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தோன்றுகின்றனவே, அந்தத் தோற்றத்துக்குக் கணக்கு உண்டென்று இத்தாலி நாட்டுப் புரூனெலெஸ்கி காட்டினார். 1435இல் ஆல்பெர்த்தி அதை நூலாக எழுதினார். மனித உடலைத் தெரிந்துகொள்ள லியோனார்டோ பிணங்களை அறுத்துப் பார்த்தார். முப்பட்டகக் கண்ணாடியில் ஒளியைப் பிரித்து நிறத்தின் உண்மையை நியூட்டன் 1704இல் நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல், திரைச்சீலை நெய்யும் ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தார். கருப்பு நூல் மங்கலாகத் தெரிகிறதென்று முறையீடு வந்தது. சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் வைத்த நிறத்தால் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது என்று அவர் கண்டுபிடித்து, 1839இல் பெருநூலாக வெளியிட்டார். அந்தச் செவ்ரல் 102 வயது வரை வாழ்ந்தார்; முதுமையைப் பற்றியே முதுமையில் ஆராய்ந்தார்! வானப்பிரஸ்தம் போகவில்லை.

தகுதி, திறமை எனும் தடித்தனம்

"எல்லோரும் வரையலாம் என்றால், கலையின் தரம் என்னாவது? தகுதி, திறமை வேண்டாமா?" என்று கேட்போர் உண்டு. இந்தப் பாட்டு நமக்குப் பழக்கமான பாட்டு. வகுப்புவாரி உரிமை ஆணையை நீதிமன்றம் செல்லாதென்றபோது கேட்ட பாட்டு. 1951இல் நாட்டின் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த வைத்த நம் மக்களின் கிளர்ச்சியின்போது, எதிர்த்தரப்பில் இடைவிடாது பாடப்பட்ட பாட்டு.

தகுதியாட்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை உலகறியச் செய்தவர் யார் தெரியுமா? மைக்கேல் யங் என்ற ஆங்கிலேயர். 1945ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சியின் அறிக்கையை வரைந்தவர். 1958இல் அவர் எழுதிய நூல் அச்சொல்லையே தலைப்பில் தாங்கி வந்தது. போற்றுவதற்காக எழுதிய நூலா? இல்லை, கிண்டல்! தகுதி என்ற பெயரால் ஒரு புதிய மேல்சாதி முளைக்கும், மேலிருப்பவன் தன் இடம் தனக்கு உரியதே என்று இறுமாப்படைவான், கீழிருப்பவன் தன்னையே இகழ்ந்துகொள்வான் என்று எச்சரிக்கும் நையாண்டி நூல். உலகம் நையாண்டியை மறந்துவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. தம் நாட்டுத் தலைமை அமைச்சர் அச்சொல்லைப் புகழ்மொழியாகப் பயன்படுத்துவது கண்டு, 2001இல், தம் முதிர்ந்த வயதில், அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

அந்த மைக்கேல் யங்தான், 1987இல், வீட்டிலிருந்தே கலை பயிலத் திறந்தநிலைக் கலைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். நுழைவதற்கு முன்தகுதி கேட்கவில்லை. பாடம் அஞ்சலில் வரும். வரைந்ததை ஆசிரியருக்கு அனுப்பினால், திருத்தமும் கருத்தும் எழுதி அவர் திருப்பி அனுப்புவார். தகுதி என்ற பூட்டைக் கிண்டல் செய்தவர், கதவைத் திறந்தும் காட்டினார். சொல்லும் செயலும் ஒன்றாயின.

வாயிலில் நின்று தகுதி கேட்பது வேறு; உள்ளே விட்டுத் தகுதி வளர்ப்பது வேறு. முன்னதைச் செய்பவன் காவற்காரன். பின்னதைச் செய்பவனே ஆசிரியன்.

காலம் கடந்துவிட்டதா?

'இளமையில் கல்' என்று நம் நாட்டில் சொல்லி வைத்தார்கள். நல்ல சொல். ஆனால் முதுமையில் கல்லாதே என்று அதற்கு உரை எழுத எவருக்கும் உரிமையில்லை.

வங்கத்து இரவீந்திரநாத் தாகூர் 1861இல் பிறந்தவர். 1913இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கியது அறுபதைக் கடந்த பின்னரே. தாம் எழுதிய கவிதைகளில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கத் தொடங்கியவர், 1930இல் பாரிஸ் நகரில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்.

அவரையாவது பெருஞ்செல்வக் குடும்பத்தார் என்று ஒதுக்கிவிடலாம். அமெரிக்க நாட்டில் உழவர் குடும்பத்து மூதாட்டி ஒருவர் இருந்தார்; பாட்டி மோசஸ் என்றே உலகம் அவரை அழைத்தது. எழுபது வயது வரை பண்ணை வேலை, பிள்ளை வளர்ப்பு, அடுப்பங்கரை. துணியில் பூவேலை செய்து வந்த கையை மூட்டுவலி தடுத்தது. ஊசி பிடிக்க முடியாத கையில் தூரிகையைப் பிடித்தார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. 1961இல், 101 வயதில் மறையும் வரை வரைந்துகொண்டே இருந்தார்.

முதுமையின் இடர்களை நாம் மறைக்கவில்லை. கை நடுங்கும், கண் மங்கும். பிரெஞ்சு ஓவியர் மோனேக்குக் கண்புரை வந்தது. புரை முற்றிய கண்வில்லை மஞ்சளிக்கும்; நீலம் மங்கித் தெரியும். அந்த ஆண்டுகளில் அவர் வரைந்த தோட்டங்கள் செம்மையும் பழுப்புமாயின. 1923இல் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். மீண்டும் தூரிகை எடுத்தார். கண்புரை கர்ம வினையன்று, கண்வில்லையின் நோய். அதற்கு மருந்து மந்திரம் அன்று, மருத்துவம் என்பதை ஓவியம் கற்கும் முதியவர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். நிறம் மாறித் தெரிந்தால் நேரே கண் மருத்துவரிடம் செல்க!

ஓய்வு யாருக்கு?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்விக்கு வருகிறோம்.

வீட்டிலிருந்து கற்பது என்று முடிவானதும், நாமும் நம் துணைவியாரும் அமர்ந்து கால அட்டவணை ஒன்று போட்டோம். அப்போது துணைவியார் சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கு அறுபதில் ஓய்வு வந்துவிட்டது. எனக்கு எந்த ஆண்டில் வரும் என்று இந்தத் தாளில் எங்கே போட்டிருக்கிறது?"

தமிழ்நாட்டில் அரசுப் பணியாளரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. அரசாணையில் தெளிவாக இருக்கிறது. அடுப்பங்கரைப் பணியாளருக்கு ஓய்வு வயது என்ன? எந்த அரசாணையில் இருக்கிறது? எந்த மனுவில் இருக்கிறது? மனுவில் இருப்பதெல்லாம் தந்தைக்கு அடங்கு, கணவனுக்கு அடங்கு, மகனுக்கு அடங்கு என்பதுதான்!

கணக்கையும் பாருங்கள். 2019இல் இந்திய அரசு நாடு முழுதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்களோ 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒரு பக்கம். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி மறுபக்கம். ஒருவர் வீட்டில் அமர்ந்து இரண்டு மணி நேரம் கலை பயில்கிறார் என்றால், அந்த இரண்டு மணி நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் அதைத் தம் நாளிலிருந்து வெட்டித் தருகிறார். காப்பி கேட்காமல் வருகிறது, தூரிகை கழுவிய நீர் கேட்காமல் மாறுகிறது என்றால், கலைஞர் ஒருவர், அவருக்குக் கூலியில்லா ஏவலாள் ஒருவர் என்றே பொருள்.

எனவே நம் வீட்டு அட்டவணை இவ்வாறு அமைந்தது: காலைச் சமையல் ஒருவர், மாலைச் சமையல் மற்றவர்; பாத்திரம் துலக்குவது நாள் மாற்றி நாள்; நமக்கு இரண்டு மணி நேரம் ஓவியம் என்றால், துணைவியாருக்கும் இரண்டு மணி நேரம் அவர் விரும்பிய எதுவும்.

அவர் விரும்பியதும் ஓவியமே என்பது சில கிழமைகளில் தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளாக வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட கை! இலக்குமி வருவாள் என்ற கதையைக் கோலத்திலிருந்து கழற்றிவிடுங்கள். எஞ்சுவது என்ன? அளவுகோல் இல்லாமல் சம இடைவெளியில் புள்ளி வைக்கும் கண். கை எடுக்காமல் வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கோடு. நான்கு பக்கமும் ஒத்து நிற்கும் வடிவக் கணக்கு. நாம் மூன்று மாதம் போராடிப் பிடித்த நீள்வட்டத்தை அவர் மூன்றாம் நாளில் போட்டுக் காட்டினார். அதைப் பிறவிக்கொடை என்று சொல்வோமானால், ஐம்பது ஆண்டுப் பயிற்சியைக் களவாடி, இல்லாத ஒருவனுக்குக் காணிக்கையாக்கியவர்கள் ஆவோம்! விடியற்காலைப் பனியில், நாள் தவறாமல், குனிந்த முதுகோடு ஈட்டிய திறமை அது. மிதித்து அழிக்கப்படும் இடத்தில் அது போடப்பட்டதால், கலை என்று அதற்குப் பெயர் வைக்க ஆண்களின் உலகத்துக்குத் தோன்றவில்லை.

கற்கும் முறை

நம்மைப் போன்றோர் பயன்கொள்ளும் பொருட்டு, வீட்டுக் கல்வியில் நாம் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

வீட்டில் கற்போருக்குப் பெருங்குறை, தவறு காட்ட ஆள் இல்லாமை. அதற்கு மூன்று உபாயங்கள். வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள்; இடவலம் மாறியதும் கோணல் தானே பளிச்செனத் தெரியும். நகல் எடுக்கும் படத்தைத் தலைகீழாக வைத்து வரையுங்கள். மூக்கு என்றும் காது என்றும் மனம் பெயர் சொல்ல முடியாமல் திகைக்கும்போது, கண் கோட்டை மட்டும் பார்க்கும். மூளையின் வலப்பாதி விழித்துக்கொள்வதால் இது நடக்கிறது என்று சில நூல்கள் கூறும். அந்த விளக்கத்தை அறிவியல் உறுதி செய்யவில்லை. பயிற்சி பயன்படுகிறது, அதுபோதும். மூன்றாவது, ஒவ்வொரு தாளிலும் தேதி எழுதுங்கள், எதையும் கிழித்தெறியாதீர்கள். ஆறு மாதம் கழித்து அடுக்கி வைத்துப் பார்த்தால், தலையெழுத்து என்பது பொய், கையெழுத்தே மெய் என்பது விளங்கும்.

நீர்வண்ணத்தில் வெளிச்சத்தை முதலில் காப்பாற்ற வேண்டும். தாளின் வெண்மையே வெளிச்சம். வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போக வேண்டும்; திரும்ப வர வழியில்லை. நிழல் கருப்பு அன்று. அதிலும் நிறம் உண்டு. சுண்ணாம்புச் சுவரின் நிழலை ஒரு நாள் காலையும் மாலையும் உற்றுப் பாருங்கள்.

சான்றிதழ் விரும்புவோருக்கு வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் துறை ஓவியத்தில் கீழ்நிலை, மேல்நிலை எனத் தொழில்நுட்பத் தேர்வுகளை நடத்துகிறது, தனித்தேர்வராகவும் எழுதலாம்.

தனிமைக்கு மருந்து தோழமை. பிரெஞ்சு நாட்டுத் துலூஸ் நகரில் 1973இல் மூன்றாம் பருவத்தார் பல்கலைக்கழகம் என ஒன்று தொடங்கினார்கள். பணி முடித்த முதியோர்க்கான கல்விக்கூடம். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தபோது, தேர்வு இல்லை, பட்டம் இல்லை, உறுப்பினரே உறுப்பினர்க்கு ஆசிரியர் என்று அது உருமாறியது. அங்கும் முன்னின்றோருள் ஒருவர் மைக்கேல் யங். நமக்கு இது புதுமையா? நம் படிப்பகங்கள் வேறென்ன? ஒருவர் நாளிதழ் படிக்க ஒன்பது பேர் கேட்டு, கேட்ட ஒன்பது பேரும் பேச்சாளராகி வளர்ந்த இடமல்லவா அது!

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் நால்வர் கூடுகிறோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், பேருந்து நடத்துநராக இருந்தவர் ஒருவர், இன்னும் தறியில் இருக்கும் நெசவாளர் ஒருவர், நாம். நடத்துநர் முகங்களை நினைவிலிருந்தே போடுகிறார். பல்லாயிரம் முகங்களுக்குச் சீட்டுக் கொடுத்தவர் அல்லவா! செவ்ரலின் கண்டுபிடிப்பை நாம் ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தோம். நெசவாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தோழர், இது எங்களுக்குத் தெரியுமே. கருப்புக்குப் பக்கத்தில் எந்த நூல் ஓடுகிறதோ, அதைப் பொறுத்துத்தானே கருப்பு?" ஆலைத் தலைவர் நூலாக எழுதினார், தறிக்காரர் சேலையாக நெய்தார். ஒருவர் பெயர் உலகறிந்தது. மற்றவர் பெயரைக் கேட்டவர் எவருமில்லை!

பசிக்கிறவனுக்குப் படமா?

நம் இளைஞர்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது: "ஐயா, நாட்டில் வேலையில்லை, விலைவாசி விண்ணை முட்டுகிறது, சாதிக் கொலை நடக்கிறது. இப்போது பானையையும் பூவையும் வரைந்துகொண்டிருப்பது நியாயமா?"

நியாயமான கேள்வி. ஒளிக்காமல் விடை சொல்கிறோம்.

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மனிதர், ஒரு பாறை. முறுக்கேறிய முதுகு, ஊன்றிய கால், ஒருமித்த மூச்சு. 1959இல் நிறுவப்பட்டது. வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850இல் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929இல் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர். தெய்வங்களுக்கும் மன்னர்களுக்கும் சிலை எழுப்பிய நாட்டில், பெயரற்ற நான்கு தொழிலாளிக்குச் சிலை எழுந்தது. உழைப்பவன் உடலை உற்றுப் பார்க்கும் கண் வேண்டுமென்றால், யாரோ ஒருவர் பானையில் தொடங்கியிருக்க வேண்டும். பார்க்கக் கற்ற கண்தான் அநீதியையும் பார்க்கும்.

ஆனால் அந்தச் சிலையின் கீழ் நின்று நாம் வரைந்துகொண்டிருந்தபோது, வேறொன்றும் கண்ணில் பட்டது. எழுபது வயதிருக்கும் ஒரு முதியவர், மணலில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு ஓய்வு வயது எது? ஓய்வூதியம் எது? நம் கையில் பென்சில் இருப்பதற்குக் காரணம் மாதந்தோறும் வரும் ஓய்வூதியம். அது அருளன்று, தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற உரிமை. நாட்டின் உழைப்பாளரில் மிகப் பெரும்பாலோர்க்கு எட்டாத உரிமை. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நம் விருப்பம் என்று தொழிலாளர் கேட்டபோது, அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் ஓவியமும் இசையும் நூலும் அடங்கியிருந்தன. ஆகவே பசியா, படமா என்று கேளாதீர்கள். பசி தீர்ந்ததோடு மனிதனின் உரிமை தீர்ந்துவிடுகிறது என்று எண்ணுவது ஆண்டைகளின் கணக்கு, நம் கணக்கன்று. தள்ளுவண்டிக்காரருக்கும் ஓய்வூதியம் வேண்டும். அதன் பிறகு அவர் விரும்பினால் அவருக்கும் ஒரு தூரிகை வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்போம்!

இளைஞர்களே! உங்களிடம் நாம் வேண்டுவன மூன்று. உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வரைபலகைக்கு இடம் ஒதுக்குங்கள். மாலை நேரத்தில் மண்டபம் தேடிப் போகும் முதியவரை அதன் முன் அமரச் செய்யுங்கள். ஓய்வூதியமற்ற உழைப்பாளிக்கு ஓய்வூதியம் கேட்டு நடக்கும் போராட்டத்தில் முன்வரிசையில் நில்லுங்கள். மூன்றாவது, மிக அருகில் இருக்கிறது. ஆகவே மிகக் கடினமானது. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பாத்திரம் துலக்கும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அன்னையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். "எனக்கெதற்குப்பா இதெல்லாம்?" என்பார். அது அவர் குரலன்று. அந்தப் பழைய சரக்கு. சற்றுப் பொறுத்திருங்கள். அவர் முதற்கோட்டைப் போடுவார்.